ஒரு பிடி தவிட்டுக்கு வாங்கிய பெண்

1. பால் ஆபீஸ்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காசிமேட்டுக் குப்பத்தில் ஒரு வீட்டுக்காரர்கூட என்னை உள்ளே விடவில்லை. கையில் நகரசபை கொடுத்த தோல் பை. அதற்குள் கத்திரிக்கோல், நூல், போரிக் பவுடர், கார்பாலிக் லோஷன். பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பரீட்சை பாஸ் செய்த பெருமை வேறு. "பிள்ளைத்தாய்ச்சி யாராவது இருக்காங்களா?" என்று வாசலில் நின்று கேட்பேன். உள்ளேயிருந்து ஒருத்தி எட்டிப் பார்ப்பாள். என் பொட்டில்லாத நெற்றியையும் வெள்ளைப் புடவையையும் பார்ப்பாள். "இங்க யாரும் இல்லம்மா" என்று படலைச் சாத்துவாள். சாத்துகிறவளுக்கே எட்டு மாதம் இருக்கும்.

சின்ன வயதிலேயே தாலி போனவள் நான். மருத்துவச்சி உடுப்பும் வெள்ளைப் புடவைதான் என்பதால் எனக்குத் துணிச் செலவு மிச்சம் என்று சொல்வேன். சிரிப்பதற்காகத்தான் சொல்வேன், யாரும் சிரிக்க மாட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி வீட்டு வாசலில் விடிந்ததும் ஒரு கைம்பெண் வந்து நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? எங்களை வேலைக்கு எடுத்த துரைமார்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் கூப்பிட்ட நேரத்துக்கு ஓட வேறு யார் கிடைத்திருப்பார்கள்?

அது முதல் யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் குழந்தைகள் ஈசலாகச் செத்துக்கொண்டிருந்தன. சுகாதார இலாகா அங்கங்கே குழந்தை நல நிலையம் திறந்தது. எங்கள் நிலையம் ஓட்டுக் கூரை போட்ட ஒரு பழைய சரக்குக் கிட்டங்கி. அதில் ஒரு மேஜை, ஒரு தராசு, நான், ஒரு ஆயா. காலையில் கைக்குழந்தைக்காரிகளுக்கு இனாமாகப் பால் ஊற்றுவோம். அதனால் குப்பத்தில் அதற்குப் பெயர் பால் ஆபீஸ். பாலை வாங்கிக்கொள்வார்கள். குழந்தையைத் தராசில் வை என்றால் மட்டும் மூஞ்சி மாறிவிடும்.

"மீனத்தான் நிறுப்பாங்க. புள்ளையப் போயி யாராச்சும் நிறுப்பாங்களா? இன்னா பேஜாரும்மா இது!"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பாலை மட்டும் அளந்து வாங்குகிறீர்களே என்று பதிலுக்குப் பதில் பேசுவேன். மறுநாள் நாலு பேர் குறைவாக வருவார்கள்.

2. தெய்வானை கேட்டது

தெய்வானை பால் வாங்க வருகிறவள் இல்லை. அவளுக்குக் குழந்தை இல்லை. மூன்று பெற்று, மூன்றும் வாரம் திரும்புவதற்குள் ஜன்னி கண்டு போய்விட்டன. புருஷன் எல்லப்பன் கட்டுமரக்காரன். தொப்புள்கொடியை அவனுடைய வலைக்கத்தியால் அறுத்து, சாம்பல் வைத்துக் கட்டுவது அங்கே வழக்கம். கடலில் வலை அறுத்த இரும்பு பிள்ளையைக் காக்கும் என்று நம்பினார்கள். அந்தக் கத்தியிலும் சாம்பலிலும்தான் ஜன்னி இருந்தது. நான் இதைத் தொண்டை கிழியச் சொல்லியும் ஒருத்தியும் காதில் வாங்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம், பால் ஊற்றி முடித்துக் கதவைச் சாத்தும் நேரத்தில் அவள் வந்தாள். நிறைமாதம். நின்றபடியே பேசினாள்.

"நர்சம்மா, ஒண்ணு கேக்கணும். கோச்சிக்கக் கூடாது."

"கேளு."

"நீ தாலி அறுத்தவதானே?"

"ஏன், பார்த்தாத் தெரியலையா?" என்றேன். அன்றைக்கு எனக்கு வெயில் வேறு தலைக்கு ஏறியிருந்தது.

"தெர்து. அத்தொட்டுதான் வந்தேன். என் வவுத்துல கீறத நீ வாங்கிக்கிறியா?"

பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததும் அதை முறத்தில் போட்டு வேறொருத்திக்கு ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்புறம் அது வாங்கியவளுடைய பிள்ளை. பெற்றவள் பால் கொடுத்து வளர்க்கலாம், ஆனால் என் பிள்ளை என்று வாயால் சொல்லக் கூடாது. காது குத்தும் அன்று தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வாள். அதுவரைக்கும் எமன் அந்த வீட்டில் தேடிவிட்டு, இங்கே பிள்ளை இல்லை என்று போய்விடுவானாம்.

"உங்க ஆளுங்க யார்கிட்டயாவது குடேன்" என்றேன்.

"போன தபா என் நாத்தனாகிட்ட குடுத்தேம்மா. அங்கியும் வந்து இட்டுனு பூட்டான். குப்பத்துல எந்த வூட்ல வெச்சாலும் கண்டுபுடிச்சிட்றான். உன் வூட்ல தேட மாட்டான். உனக்கேது புள்ளன்னு திரும்பிப் பூடுவான்."

எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. தாலி போன நாளிலிருந்து நான் கைம்பெண் என்பதற்காக என்னைப் பார்த்து ஒதுங்கியவர்கள்தான் உண்டு. அதற்காகவே ஒருத்தி என்னைத் தேடி வந்தது அன்றைக்குத்தான்.

மூடநம்பிக்கையை ஒழிப்பது என் உத்தியோகத்தின் ஒரு பகுதி. அதற்கென்று துண்டுப் பிரசுரமெல்லாம் கொடுத்திருந்தார்கள். மேஜை மேலே ஒரு கட்டு இருந்தது. நான் அதைப் பார்த்தேன், அவள் வயிற்றையும் பார்த்தேன்.

"வாங்கிக்கறேன். ஆனா என் பிள்ளைன்னா என் கத்திரிக்கோல்தான். உன் புருஷன் வலைக்கத்தி அந்தப் பக்கமே வரக் கூடாது. சாம்பலும் கூடாது."

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "உன் புள்ள. உன் இஸ்டம்."

3. விலை

டோல்கேட்டில் நான் குடியிருந்த சந்தில் ஒரு கோனார் மாடு வைத்திருந்தார். அவரிடம் போய் ஒரு பிடி தவிடு கேட்டேன்.

"மாடு வாங்கிட்டீங்களா நர்சம்மா?"

"இல்ல, பிள்ளை வாங்கப் போறேன்."

அவர் அன்றைக்கு அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்.

கட்டுமரங்கள் கரை திரும்பும் நேரத்தில் குழந்தை பிறந்தது. பெண். கொதித்த தண்ணீரில் கிடந்த கத்திரிக்கோலால் கொடியை வெட்டி, நூலால் கட்டி, பவுடர் போட்டுச் சுத்தத் துணி சுற்றினேன். தெய்வானையின் நாத்தனார் குழந்தையை முறத்தில் கிடத்தி வாசலுக்கு வெளியே வைத்தாள். அக்கம்பக்கம் முழுக்கக் கூடி நின்றது. நான் முந்தானையிலிருந்து தவிட்டை எடுத்து உள்ளே நீட்டினேன். தெய்வானை வாங்கிக்கொண்டு, பெற்ற களைப்போடு தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"வித்துட்டேன்! எனக்குப் புள்ள இல்ல!"

"வாங்கிட்டேன். இது என் பிள்ளை" என்று நானும் கத்தினேன். "பால் குடுக்க உன்னை ஆயாவா வெச்சிருக்கேன். ஒழுங்கா வேலை செய்யணும்."

எல்லாரும் சிரித்தார்கள். தெய்வானை சிரிக்கவில்லை. குழந்தைக்குத் தவிட்டம்மா என்று பெயர்.

அந்த வாரம் தினமும் காலையில் போய்விடுவேன். குழந்தையின் தாடை இறுகுகிறதா, பால் இழுக்கிறதா என்று பார்ப்பேன். பார்த்து முடிக்கும்வரை தெய்வானை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாரம் திரும்பியது. கொடி காய்ந்து விழுந்தது. மறுநாள் எல்லப்பன் பால் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். கையில் ஓலையில் சுற்றிய பால் சுறா.

"பெத்தவங்களுக்கு இத்த ஆக்கிக் குடுக்கணும்மா. பாலு ஊறும்."

நாங்கள் மீன் தொடாத வீடு. அதை எப்படிச் சொல்ல? "பால் குடுக்கிற ஆயாவுக்கே ஆக்கிப் போடு" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். தெரு முனை திரும்பியதும் அவன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

4. என் பிள்ளை

என் பிள்ளை என்று ஆனபிறகு எனக்குப் புது அதிகாரம் வந்தது. என் பிள்ளைக்கு விளக்கெண்ணெய் ஊற்றாதே, என் பிள்ளைக்குக் கொதித்து ஆறின தண்ணீர், என் பிள்ளையை ஈ மொய்க்க விடாதே. துண்டுப் பிரசுரத்தில் இருந்ததையெல்லாம் இப்படியே சொன்னேன். தெய்வானை அப்படியே செய்தாள். என் பிள்ளையை நானே தராசில் வைத்தேன். குப்பத்துப் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அடுத்த வாரமும் வைத்தேன். பிள்ளை கொழுகொழு என்று ஆகிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் ஒருத்தி தன் குழந்தையை நீட்டினாள். "உன் புள்ளைக்கு ஒண்ணியும் ஆவலியே. இத்தயும் வெய்யி." அப்புறம் தராசுக்கு முன்னால் வரிசை நின்றது. பிரசவத்துக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிள்ளைக்காரி என்று ஆகிவிட்ட பிறகு என் வெள்ளைப் புடவை யார் கண்ணையும் உறுத்தவில்லை.

இதைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தக் குழந்தை என்னைக் கண்டால் பொக்கை வாய் விரித்துச் சிரிக்கும். வேலை முடிந்தபிறகும் ஏதாவது சாக்கு வைத்து அந்த வீட்டுப் பக்கம் போவேன். எல்லாம் பேச்சுக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொண்டே போவேன்.

5. குழந்தைக் காட்சி

அடுத்த வருஷம் இலாகாவில் குழந்தைக் காட்சி நடத்தினார்கள். ராயபுரத்தில் பந்தல், மாவிலைத் தோரணம், சுகாதாரப் பிரசங்கம். நல்ல ஆரோக்கியமான குழந்தைக்குப் பரிசு. ஒவ்வொரு நிலையமும் தன் குழந்தைகளைக் கொண்டுவர வேண்டும். தெய்வானை ஒரேயடியாக மறுத்தாள். ஊர்க் கண்ணெல்லாம் பட்டுவிடுமாம்.

"என் பிள்ளை. நான் தூக்கிட்டுப் போறேன்" என்றேன்.

அவள் யோசித்தாள். "அப்பொ நானும் வர்றேன். ஆயாவா வர்றேன்." குழந்தையின் கன்னத்திலும் உள்ளங்காலிலும் பெரிய மைப்பொட்டாக வைத்துத் தூக்கி வந்தாள்.

முதல் பரிசு தவிட்டம்மாவுக்குத்தான். மேடையில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடையோடு நின்றாள். சானிட்டரி இன்ஸ்பெக்டர் வரதராஜுலு தகரக் குழலை வாயில் வைத்து, "குழந்தையின் தாயார் மேடைக்கு வரவும்" என்று முழங்கினார். குழந்தை தெய்வானையின் இடுப்பில் இருந்தது. அவள் அசையவில்லை.

"உன்னைத்தான். நீதானே தாய்?"

"நான் இல்ல சாமி. நான் வளக்கறவ." அவள் கை என் பக்கம் நீண்டது. "தாயி அவங்க."

தகரக் குழல் என் பக்கம் திரும்பியது. ஜனங்களும் திரும்பினார்கள். பொட்டில்லாத நெற்றியோடு, வெள்ளைப் புடவையில், அங்கே நிற்கிறேன். பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். "என்னம்மா இது?" என்றார் இன்ஸ்பெக்டர், குழலை இறக்க மறந்து.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வழக்கத்தை விளக்கியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் நடுவே, இது தெய்வானை பெற்றது என்று சொல்வது, அவளைப் பொறுத்தவரை எமனைக் கூப்பிட்டு விலாசம் கொடுப்பது மாதிரி. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

"ஆமாம். என் குழந்தைதான்" என்றேன். மேடை ஏறிப் பாலாடையை வாங்கிக்கொண்டேன்.

6. டாக்டரம்மாவின் அறை

சேதி எனக்கு முன்னால் கொருக்குப்பேட்டைக்குப் போய்விட்டது. அங்கே என் அண்ணன் ரயில்வே குட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. அவன் வந்து வாசலில் நின்றபடியே, "மானத்தை வாங்கிட்டே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். வேலை போனால் அவன் வீட்டு அடுப்படிதான் எனக்குக் கதி. இனி அதுவும் இல்லை என்று ஆயிற்று.

மறுவாரம் லேடி டாக்டர் கூப்பிட்டனுப்பினார். திருநெல்வேலிக் கிறிஸ்தவர். எங்கள் வட்டாரத்துக்கே மேலதிகாரி, கண்டிப்பானவர். இன்ஸ்பெக்டர் வரதராஜுலுவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நடத்தை கெட்டவர்களை வைத்துக்கொண்டு நாம் எப்படித் தாய்மார்களுக்குப் புத்தி சொல்வது, மேடம்? குப்பத்திலேயே போய் விசாரித்தேன். ஆண், பெண், கிழம், குஞ்சு எல்லாரும் ஒரே வாயாக நர்சம்மா புள்ளதான் என்கிறார்கள். சாட்சி இதைவிட என்ன வேண்டும்?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. யாரு பிள்ளை?"

நான் எமனை நம்புகிறவள் இல்லை. மூடிய அறையில் சொன்னால் யாருக்குக் கேட்கப் போகிறது? ஆனால் நாளைக்கே குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் தெய்வானை என் வாயைத்தான் நினைப்பாள். அப்புறம் என் கத்திரிக்கோலையும் தராசையும் குப்பத்தில் யார் நம்புவார்கள்? இப்படியெல்லாம் காரணம் சொல்லலாம். உள்ளது என்னவென்றால், என் குழந்தை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"என் பிள்ளைதான்" என்றேன்.

அப்போது வெளியே பியூன் யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது. அவனைத் தள்ளிக்கொண்டு தெய்வானை உள்ளே வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் முறம், முறத்தில் தவிடு.

"நர்சம்மா, இந்தா தவிடு. என் புள்ளைய எனக்குக் குடுத்துடு. உனக்கு வேல போவக் கூடாது."

"இன்னும் காது குத்தலையே" என்றேன்.

"பரவால்ல. வர்றது வரட்டும். எல்லாருக்கும் சொல்லிட்றேன், நான்தான் பெத்தேன்னு..." முறம் சாய்ந்து, தவிடு டாக்டரம்மாவின் மேஜையெல்லாம் சிந்தியது.

மூன்று பிள்ளைகளைப் புதைத்தவள். நாலாவதையும் பணயம் வைத்து என் வேலையைக் காப்பாற்ற வந்திருந்தாள்.

"விக்க மாட்டேன்" என்றேன். "எனக்கு விக்க இஷ்டமில்லை. போ வீட்டுக்கு."

டாக்டரம்மா மேஜையில் சிந்திய தவிட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர், எங்க அண்ணன் பேரு பிச்சைமுத்து. ஏன் அப்படிப் பேருன்னு தெரியுமா?"

"தெரியாது, மேடம்."

"அவனுக்கு முன்னால ரெண்டு போயிட்டு. இவனைப் பிச்சையா வாங்கினதாச் சொல்லி வளர்த்தாங்க. அதான்." தெய்வானை பக்கம் திரும்பினார். "இங்க பாரும்மா. நீ திருப்பி வாங்க வேண்டாம். இவங்க எனக்கு வித்திரட்டும். எங்க வீட்டுல நாலு கிடக்கு, அஞ்சாவது வந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. காது குத்தும்போது எங்கிட்ட வந்து வாங்கிக்கோ."

தெய்வானை சந்தேகத்தோடு பார்த்தாள். "உன் வூட்டுக்கு அவன் வர மாட்டானா?"

"வந்து பார்க்கட்டும். எனக்கும் அவனுக்கும் தினம் ஆஸ்பத்திரியில சண்டைதான். என் மூஞ்சியைப் பார்த்தாலே ஓடிருவான்."

தெய்வானை முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பு என்ற ஒன்றைப் பார்த்தேன். டாக்டரம்மா முறத்திலிருந்து ஒரு பிடி தவிடு அள்ளி என் பக்கம் நீட்டினார். நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். குழந்தையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அது என் காதோரம் தொங்கிய முடியைப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"சொல்லணும்லா?" என்றார் டாக்டரம்மா.

"வித்துட்டேன்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க. அவனுக்குக் கேக்கணும்லா."

"வித்துட்டேன்! எனக்குப் பிள்ளை இல்லை!" என்று கத்தினேன். அந்த ஆபீசில் நான் உரக்கப் பேசியதும் அழுததும் அன்று ஒரு நாள்தான். இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குழந்தை பசியில் சிணுங்கியது. "ஆயா, பிள்ளையைத் தூக்கு" என்று டாக்டரம்மா தெய்வானையிடம் நீட்டினார்.

7. பிறகு

வேலை போகவில்லை. அண்ணனும் கொஞ்ச நாளில் சமாதானமானான். மறு வருஷம் டாக்டரம்மாவிடமிருந்து தவிடு கொடுத்து வாங்கி, குழந்தைக்குக் காது குத்தினார்கள். தவிட்டம்மா இப்போது நெட்டுக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் பிள்ளைகுட்டியோடு இருக்கிறாள். என்னை நர்சம்மா என்றுதான் கூப்பிடுவாள். அதுதான் சரி.

சுகாதார இலாகாவில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். குழந்தையைக் காப்பாற்றியது எது என்று கேட்டால் கொதித்த கத்திரிக்கோல் என்றுதான் சொல்வேன், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தக் கத்திரிக்கோலை வீட்டுக்குள் விட்டது தவிடு. ஜனங்கள் பயத்தோடு ஒன்றைக் கேட்டால் எடுத்தவுடன் பிரசுரத்தை நீட்டாதீர்கள். முதலில் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். நான் தெய்வானையை அன்றைக்கு நிற்க வைத்தே பேசினேன். அவள் பெருந்தன்மை, போகாமல் நின்றாள்.

போன வருஷம் ஓய்வு பெற்றேன். கணக்கு முடிக்கிற ஆபீசில் ஒரு இளவயது குமாஸ்தா நிமிராமலே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பெயர், ஊர், புருஷன் என்று எல்லாம் கேட்டுவிட்டு, "பிள்ளைகள் உண்டாம்மா?" என்றார்.

"ஒரு பெண் இருந்தாள்" என்றேன். "வித்துட்டேன்."